ஒரே நாளில் உதிர்ந்த அயற்பெயர்

பிரித்தானியத் தீவின் மேலைக் கரையில், வேல்சு நாட்டின் நடுப்பகுதியில், ஒரு மாவட்டத்துக்கு நாடாளுமன்றம் சட்டத்தின் வழியே சூட்டிய பெயர் ஒரே ஒரு நாள்தான் உயிரோடிருந்தது. 1994-ஆம் ஆண்டு இலண்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, 1996-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் அம் மாவட்டம் 'கார்டிகன்சயர்' என்னும் பெயரோடு நடைமுறைக்கு வந்தது. மறுநாள், ஏப்பிரல் 2-ஆம் நாள், அம் மாவட்ட மன்றம் அப் பெயரைக் கழற்றி எறிந்துவிட்டுக் 'கெரெதிகியோன்' என்னும் தன் பழம்பெயரைச் சூடிக்கொண்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு பெயர், தாய்மொழியில் எழுதும்போது ஒரு பெயர் என்னும் இரட்டை வழக்குக்கும் அங்கு இடமில்லை. எந்த மொழியில் எழுதினாலும் கெரெதிகியோன் கெரெதிகியோனே.

ஏப்பிரல் முதல் நாள் ஆங்கிலேயரின் மடையர் நாள். அந்நாளில் பிறந்து அந்நாளோடு ஒழிந்த பெயருக்கு அதைவிடப் பொருத்தமான பிறந்தநாள் வாய்த்திராது.

ஏறத்தாழ எழுபதாயிரம் மக்கள் வாழும் ஒரு நாட்டுப்புற மாவட்டம் அது. பெருநகர் ஒன்றும் அங்கு இல்லை, பெருந்தொழில் இல்லை, ஆடு மேய்ப்பும் கறவை மாடும் மீன்பிடிப்பும் சுற்றுலாவுமே பிழைப்பு. இத்தகைய சிற்றூர் மக்கள் தங்கள் மண்ணின் பெயருக்காக ஒருநாள் தாழ்வையும் பொறாமல் எழுந்தனர் என்றால், அப் பெயருக்குள் என்ன இருக்கின்றது என்று பார்க்கவேண்டும்.

முதலில் நிலம். கெரெதிகியோன் ஒரு வளைந்த வில்லைப் போலக் கடலை நோக்கிக் கிடக்கின்றது. மேற்கே கெரெதிகியோன் விரிகுடா. வடக்கே தவி ஆற்றின் கழிமுகம். தெற்கே தெய்வி ஆறு. கிழக்கே, மேடேறிச் சென்று காற்றும் மழையுமாகக் கிடக்கும் காம்பிரிய மலைத்தொடர். ஏறத்தாழ 1,790 சதுரக் கிலோமீட்டர் பரப்பு. மலைக்கும் கடலுக்கும் இடையே அடைபட்ட நிலம் ஆதலால், அயலவர் படையெடுப்பும் அயலவர் மொழியும் உள்ளே நுழைய நெடுங்காலம் திணறின. மொழியைக் காத்த முதல் அரண் எந்த வேந்தனும் கட்டியதன்று, அந்த மலைதான்.

அம் மலைகளின் உச்சி பிம்லிமோன். உயரம் 752 மீட்டர். 'ஐந்து கொடுமுடி' என்பது போன்ற பொருளில் அப் பெயரை விளக்குவர். 'பிம்' என்பது அம்மொழியில் ஐந்து. ஆங்கிலேயர் வாயில் அது 'பிளின்லிமன்' ஆகிப் பொருளற்ற ஓசையாயிற்று. அவ் வொரு மலையிலிருந்து மூன்று ஆறுகள் பிறக்கின்றன. பிரித்தானியாவிலேயே மிக நீண்ட ஆறாகிய 'ஆவ்ரென்' என்பதை ஆங்கிலேயர் 'செவர்ன்' என்பர். 'குவி' ஆற்றை 'வை' என்பர். இவ் விரண்டும் கிழக்கே இறங்கி, ஆங்கிலேய மண்ணையும் தொட்டுச் சுற்றிவளைந்து தெற்கே கடலை அடைகின்றன. மூன்றாவதாகிய இரெய்தோல் மட்டும் மேற்கே திரும்பி, ஆழ்ந்த பள்ளத்தாக்கு வழியே பாய்ந்து, முப்பது கிலோமீட்டர் அளவிலேயே சொந்த மாவட்டத்துக் கடலில் விழுகின்றது.

இனிப் பெயர். கெரெதிகியோன் என்பது 'கெரெதிகனுடைய நிலம்' எனப் பொருள்படும். கெரெதிகன் என்பான் கினெதா என்னும் தலைவனின் மகன். இன்று காட்லாந்து எனப்படும் வடநாட்டுப் பகுதியாகிய மனாவு கொதோதினிலிருந்து கினெதா தன் மக்களோடு தெற்கே வந்து, அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியிருந்தோரை வென்று நிலம் கொண்டான் என்பது மரபுவழிச் செய்தி. ஒன்பதாம் நூற்றாண்டின் இலத்தீன் நூலொன்றில் இச் செய்தி காணப்படுகின்றது. காலம் ஐந்தாம் நூற்றாண்டு என்பர். கினெதாவின் வழியினராகச் சொல்லப்படும் மெய்ரியோன் பெயரால் மெய்ரியோனிது, எதெர்ன் பெயரால் எதெய்ர்னியோன் என வேறு நிலங்களும் பெயர் பெற்றன. நிலப்பெயர்களை விளக்குவதற்காகவே இம் மைந்தர்கள் பின்னாளில் கற்பிக்கப்பட்டனர் என ஐயுறும் ஆய்வாளரும் உளர். அவ் வையத்தில் பொருளுண்டு. ஆயினும் சொல்லின் அமைப்பில் ஐயமில்லை: முன்னே ஓர் ஆளின் பெயர், பின்னே நிலத்தைக் குறிக்கும் 'இயோன்' என்னும் ஈறு. மன்னனும் மண்ணும் ஒரே சொல்லில் நிற்கின்றன.

இந்தப் பெயரை ஆங்கிலமும் நார்மானியமும் என்ன செய்தன என்பது சுவையான செய்தி. கெரெதிகியோன் என்பது அவர்கள் நாவில் தேய்ந்து 'கார்டிகன்' ஆயிற்று. தேய்ந்த பெயரை நாட்டின்மேல் வைத்தாலும் ஒருவாறு பொறுக்கலாம். அவர்களோ அதைத் தெய்வி ஆற்றின் கழிமுகத்தில் கோட்டையோடு எழுந்த ஓர் ஊருக்கு வைத்தனர். அவ் வூருக்குச் சொந்தப் பெயர் இல்லாமலில்லை. 'அபெர்தெய்வி' என்பது அது. 'தெய்வியின் கழிமுகம்' என்பது பொருள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் எட்வர்டு வேல்சை வென்று, ஆங்கிலேய முறையில் கோட்டங்களாக வகுத்தபோது, அவ் வூரின் பெயரால் நாடு முழுவதும் 'கார்டிகன் கோட்டம்' ஆயிற்று. அதாவது, தாயின் பெயரைத் திரித்து மகளுக்கு இட்டனர். பிறகு தாயைப் பார்த்து, 'இன்னாள் மகளுக்குத் தாய்' என்று அழைத்தனர். இக் கோணலை நேராக்கப் புகுந்த சில அலுவலர்கள், ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து 'அபெர்தெய்விக் கோட்டம்' என்று வேல்சு மொழியில் எழுதியும் வைத்தனர். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த வேல்சுப் பெயரும் அதுவே. அயலான் செய்த பிழையைத் தாய்மொழியில் அழகாக எழுதித் தருவதைக் காட்டிலும் அடிமைத்தனத்துக்கு வேறு இலக்கணம் வேண்டுமா?

கார்டிகன் என்றதும் உலகம் இன்று நினைப்பது ஒரு கம்பளிச் சட்டையை. கிரிமியப் போரில், 1854-ஆம் ஆண்டு, பாலக்கிளாவாவில் குதிரைப்படையைச் சாவின் வாய்க்குள் நடத்திச் சென்றவன் கார்டிகன் கோமகன் என்னும் ஆங்கிலப் பெருமகன். முன்புறம் திறந்து பொத்தானிடும் கம்பளிச் சட்டை அவன் பட்டப்பெயரால் வழங்கலாயிற்று. ஐந்தாம் நூற்றாண்டு மறவன் ஒருவனின் பெயர், நாட்டுப் பெயராகி, ஊர்ப்பெயராகத் தேய்ந்து, அயலானின் பட்டமாகி, கடைசியில் துணிக்கடைப் பலகையில் தொங்குகின்றது. பெயர் பிழைத்தது, பொருள் செத்தது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். ஒரு மொழியார் பிறமொழிப் பெயரைத் தம் நாவுக்கும் தம் எழுத்துக்கும் ஏற்பத் திரித்து வழங்குதல் குற்றமன்று. அது மொழியியல்பு. அயற்பெயர்களைத் தமிழ் எழுத்துக்கு இயையப் புனைந்து வழங்குவதே தமிழ் மரபும் ஆகும். இக் கட்டுரையில் கெரெதிகன் எனத் தமிழ் ஈறு பெற்று வருவதும் அம் முறையாலேயே. வேல்சு மக்களும் தங்கள் மொழியில் இலண்டனை 'இலுந்தைன்' என்றே சொல்கின்றனர். இலண்டன்காரன் அதற்கு வருந்தியதில்லை, ஏனெனில் எவரும் அவன் வீட்டு வாயிலில் அப் பெயரைக் கொண்டுபோய் அறையவில்லை. திரித்த பெயரை உரியவன் மேலேயே ஏற்றி, 'இனி நீ இப்படித்தான் உன்னை அழைத்துக்கொள்ளவேண்டும். உன் பழம்பெயர் சட்டத்துக்கு ஆகாது' என்று சொல்லும்போதுதான் மொழித்திரிபு மொழி வல்லாண்மையாக மாறுகின்றது.

வேல்சு என்னும் நாட்டுப்பெயரே அத்தகையதுதான். அது அம் மக்கள் இட்ட பெயரன்று. 'அயலார்' என்று பொருள்படும் பழஞ் செருமானியச் சொல்லிலிருந்து ஆங்கிலேயர் இட்ட பெயர். கடல் கடந்து பின்னே வந்தவன், முன்னே வாழ்ந்தவனைப் பார்த்து, அவன் மண்ணிலேயே 'நீ அயலான்' என்றான். அம் மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் 'கம்ரி'. 'ஒரே நிலத்தார், உடன்நாட்டார்' என்னும் பொருள்தரும் பழம் பிரித்தானியச் சொல்லிலிருந்து வந்தது அது. ஒரு பெயர் துரத்துகின்றது, மற்றது தழுவுகின்றது. ஆதலால் இனி இங்கு அம் மொழியைக் கம்ரி மொழி என்றே குறிப்பது முறை.

கம்ரி என்றதும் குமரியை நினைத்து மகிழவும், தெய்வி ஆற்றின் பெயரைக் கண்டு தெய்வத்தோடு முடிச்சிடவும் சிலர்க்கு ஆவல் எழக்கூடும். அவ் வாவலை அடக்கிக்கொள்வது நன்று. ஒலியொப்புமை ஒன்றே வேர்ச்சொல்லாய்வு ஆகிவிடாது. கம்ரி மொழி கெல்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சொற்பிறப்பு அக் குடும்பத்துக்குள் தெளிவாக ஆராயப்பட்டுள்ளது. தமிழின் பெருமைக்கு இரவல் சான்றுகள் வேண்டியதில்லை. பிறர்க்குரிய பெயரை நமதென்பது, ஆங்கிலேயன் செய்ததையே வேறு வழியில் செய்வதாகும்.

உறவில்லாத மொழிகளுக்கிடையேயும் ஒத்த இயல்புகள் இருத்தல் கூடும். புணர்ச்சி அவற்றுள் ஒன்று. கம்ரி மொழியில் ஒரு சொல்லின் முதலெழுத்தே முன்நிற்கும் சொல்லுக்கேற்பத் திரியும். 'கெரெதிகியோன்' என்பதன் முதலொலி வன்மையான ககரம். 'கெரெதிகியோனுக்கு' என்று சொல்லும்போது அது மெலிந்த ககரமாகும். 'கெரெதிகியோனில்' என்று சொல்லும்போதோ மூக்கொலியாகி 'ஙெரெதிகியோன்' என நிற்கும். பொன்னும் தாமரையும் புணர்ந்து பொற்றாமரையாகும்போது தகரம் மறைந்து றகரம் நிற்பதைக் கற்ற தமிழ் மாணவனுக்கு இது வியப்பாகாது. ஆங்கிலேய அலுவலனுக்கோ இது பெருந்தலைவலி. ஒரே ஊர் மூன்று வகையாய் எழுதப்படுகின்றதே, எது சரி என்று கேட்டான். மூன்றும் சரி என்பது விடை. தன் மொழியில் இல்லாத நுட்பத்தைப் பிறன் மொழியின் குழப்பமாகக் காண்பது ஆள்வோர்க்கு இயல்பு.

மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களே ஒரு நிலநூல். 'அபெர்' எனத் தொடங்கினால் அங்கே ஓர் ஆறு கடலிலோ வேறோர் ஆற்றிலோ கலக்கின்றது. அபெர்தெய்வி, ஐரோன் ஆற்றின் முகத்தில் அபெரைரோன், இசுத்துவித்து ஆற்றின் முகத்தில் அபெரிசுத்துவித்து. 'இலான்' எனத் தொடங்கினால் அங்கே ஒரு தூயரின் பெயரால் கோயில் உண்டு. 'திரெவு' என்றால் குடியிருப்பு. 'கொர்சு' என்றால் சதுப்பு. தெய்வியின் மேற்பகுதியில் திரெகாரோன் ஊரை அடுத்துக் கிடக்கும் பெருஞ் சதுப்பு கொர்சு காரோன். நிலப்படம் இல்லாமலே பெயர்களைக் கேட்டு வழி சொல்லலாம். மருதூர் என்றால் மருதமரம், ஆற்றூர் என்றால் ஆறு என்று அறியும் மக்களுக்கு இதன் அருமை விளங்கும்.

அபெரிசுத்துவித்தில் ஒரு சிறு வேடிக்கை உண்டு. இன்றைய நகரின் நடுவிடம் இரெய்தோல் ஆற்றின் முகத்தை ஒட்டியது. நார்மானியரின் முதற்கோட்டை தெற்கே, இசுத்துவித்து ஆற்றின் அருகே இருந்தது. கோட்டை இடம் மாறியது, பெயர் மாறவில்லை. 'வளைந்து நெளிவது' எனப் பொருள்தரும் அவ் வாற்றுப்பெயர் மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலில் 'சுதுக்கியா' என இவ் வாறும், 'துவெரோபி' எனத் தெய்வியும் குறிக்கப்பட்டுள்ளன என அறிஞர் கொள்கின்றனர். அதே தாலமியின் அதே நூலில்தான் காவிரியின் முகமும் கொற்கையும் முசிறியும் இடம்பெற்றுள்ளன. உலகின் இரு கோடிகளிலிருந்த ஆற்றுப்பெயர்கள் ஒரே கிரேக்கன் ஏட்டில் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஏறிவிட்டன. ஆங்கிலம் என்றொரு மொழி அத் தீவில் அப்போது இல்லை.

பெயர்க்கொலைக்குச் சில எடுத்துக்காட்டுகள் போதும். மனாக்கு என்னும் சிற்றாறு இரெய்தோலை நோக்கி அருவியாய் வீழும் இடத்தில் ஒரு பாலம் உண்டு. பழம்பாலத்தின் மேல் ஒன்று, அதன்மேல் ஒன்று என மூன்று பாலங்கள் அடுக்காக நிற்கின்றன. 'மனாக்கு' என்றால் துறவி. கம்ரி மொழியில் அவ் வூர் 'பொந்தர்வனாக்கு'. 'மனாக்கின்மேல் பாலம்' என்பது பொருள். மகரம் புணர்ச்சியில் வகரமாயிற்று. மிஞ்சு, விஞ்சு என இரண்டும் வழங்கும் நமக்கு அதுவும் புதிதன்று. ஆங்கிலத்தில் அவ் வூரின் பெயர் என்ன? 'பேய்ப்பாலம்'! கிழவி ஒருத்திக்காகப் பேய் பாலம் கட்டியது என்றும், முதலில் கடக்கும் உயிரைக் கூலியாகக் கேட்டது என்றும், கிழவி அப்பத்துண்டை எறிந்து நாயைக் கடக்கவிட்டுப் பேயை ஏமாற்றினாள் என்றும் ஒரு கதை. கதை நல்ல கதைதான். ஆனால் துறவியின் பெயர் தாங்கிய ஆறு, அயன்மொழியில் பேயின் பெயர் தாங்கிய ஊராயிற்றே!

1164-ஆம் ஆண்டு தோன்றிய துறவோர் மடம் ஒன்று 'இசுத்திராது ஃபிலீர்' என்னும் இடத்தில் உண்டு. 'ஃபிலீர் ஆற்றுப் பள்ளத்தாக்கு' என்பது பொருள். இலத்தீனில் எழுதினோர் அதைச் 'சுதிராத்தா புளோரிதா' ஆக்கினர். பூத்துக் குலுங்கும் இடம் போலும் என்று இன்றும் சுற்றுலாச் செல்வோர் மயங்குகின்றனர். இன்னோர் ஊர், 'சுத்தெப்பான் பாலத்துத் தூய பீட்டர் கோயில்' என விரியும் இலான்பெதர் பொந்து சுத்தெப்பான். ஆங்கிலத்தில் 'இலாம்பீட்டர்' எனக் குறுகி, கோயிலும் போய்ப் பாலமும் போய், ஓசை மட்டும் மிஞ்சியது.

கொடுத்ததையும் சொல்லவேண்டும். தெய்வி ஆற்றில் மீனவர் நெடுங்காலம் செலுத்திய சிறு தோணி, நம் ஒகேனக்கல் பரிசலுக்கு உடன்பிறப்புப் போன்றது. பிரம்பு போன்ற கழிகளைப் பின்னித் தோல் போர்த்தியது. ஓராள் முதுகில் சுமந்து செல்லலாம். அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் கம்ரி மொழியிலிருந்து பெற்ற கடன். ஆங்கிலேயன் ஆற்றுக்கு வழங்கும் 'ஏவன்' என்னும் பெயரும் பழம் பிரித்தானிய மொழியின் 'ஆறு' என்னும் பொதுச்சொல்லே. பொருள் தெரியாமல் 'ஏவன் ஆறு' என்று, அதாவது 'ஆறு ஆறு' என்று, சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கரையோரத்தில் போர்த்து என்னும் சிற்றூர். அங்கே கடல் வற்றும் வேளையில் மணலுக்குள்ளிருந்து மரக்கட்டைகள் தலைகாட்டும். ஓக்கும் பைனும் பிர்ச்சும் நின்ற காடு அது. கடல் ஏறி வந்ததால் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னே மடிந்தது. 2014-ஆம் ஆண்டின் பெரும்புயல்கள் மணலை வாரிச் சென்றபோது அக் காட்டின் அடிமரங்கள் மிகுதியாகத் தெரிந்தன. இவ் விடத்தில் 'காந்திரெர் குவைலோது' என்னும் நாடு கடலில் மூழ்கியது என்பது மக்கள் வழக்கு. 'காந்திரெவு' என்றால் நூறு குடியிருப்புகள். 'குவைலோது' என்றால் அடிநிலம். அணைக்கதவைக் காக்கவேண்டியவன் கள்வெறியில் கதவைத் திறந்துவிட்டுத் தூங்கினான், கடல் புகுந்தது, பதினாறு நல்லூர்கள் மூழ்கின என்று கதை. கடலுக்குள் நீண்டு கிடக்கும் கற்சிறைகளை அந் நாட்டின் மதிற்சுவர் என மக்கள் காட்டுவர்; அவை பனியாறுகள் விட்டுச்சென்ற கற்குவியல் என நிலவியலார் சொல்வர். கடல்கோளைக் கதையிலும் பாட்டிலும் காத்துவந்த இன்னொரு மக்கள் இனம் உலகில் உண்டு என்று தமிழர் அறிந்துகொள்ளட்டும். அதற்குமேல் இதில் கட்டவேண்டுவது ஒன்றுமில்லை.

கதையில் மூழ்கிய நாடு ஒருபுறமிருக்க, உண்மையிலேயே மூழ்கிய ஊரும் உண்டு. பிம்லிமோன் அடிவாரத்தில் நாந்தமோக்கு என்னும் சிற்றூர் இருந்த பள்ளத்தாக்கு, மின்னாக்கத்துக்காக 1960-களில் கட்டிய அணையின் நீருக்குள் போயிற்று. அம் மலைப்பகுதியில்தான் 1401-இல் ஒவைன் கிளிந்தூர் ஆங்கிலேயப் படையை வென்றான். இன்று நாந்தமோக்கு என்பது ஒரு நீர்த்தேக்கத்தின் பெயர்.

பெயர்மீட்பு வானத்திலிருந்து விழவில்லை. அபெர்தெய்விக் கோட்டையில் 1176-ஆம் ஆண்டு இரீசு என்னும் கம்ரி அரசன் பாவலரையும் இசைவாணரையும் கூட்டிப் போட்டி நடத்தி, வென்றோர்க்கு இருக்கை அளித்துப் பெருமைப்படுத்தினான். இன்று 'ஐசுதெத்வோது' என ஆண்டுதோறும் நடக்கும் கம்ரி மொழிப் பெருவிழாவுக்கு அதையே முதலாகச் சொல்கின்றனர். 1536-ஆம் ஆண்டுச் சட்டமோ ஆங்கிலத்தையே முறைமன்ற மொழியாக்கி, ஆங்கிலம் அறியாதவனுக்குப் பதவியில்லை என்றது. நானூறு ஆண்டுகள் அம் மொழி அடுப்பங்கரையிலும் கோயிலிலும் வயலிலும் மட்டும் வாழ்ந்தது.

1939-ஆம் ஆண்டு அபெரிசுத்துவித்தில் இவான் அப் ஓவென் எட்வர்ட்சு என்பார் கம்ரி வழித் தொடக்கப்பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தோர் 7 பிள்ளைகள். 1962-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சாண்டர்சு இலூயிசு என்னும் எழுத்தாளர் 'மொழியின் ஊழ்' என்னும் தலைப்பில் வானொலியில் ஆற்றிய உரை இளைஞர்களைத் தட்டியெழுப்பியது. அவ் வாண்டே கம்ரி மொழிக் கழகம் பிறந்தது. 1963 பிப்ரவரி 2-ஆம் நாள் அக் கழகத்தார் அபெரிசுத்துவித்தின் அஞ்சலகச் சுவரில் தாள்களை ஒட்டினர்; பின்னர்த் திரெவெக்கான் பாலத்தில் அமர்ந்து போக்குவரத்தைத் தடுத்தனர். முறைமன்ற அழைப்பாணையைக் கம்ரி மொழியிலும் தரவேண்டும் என்பதே வேண்டுகோள். அடுத்துவந்த ஆண்டுகளில் ஆங்கிலம் மட்டும் எழுதிய சாலைப் பலகைகள் வேல்சு முழுவதும் வண்ணம் பூசி அழிக்கப்பட்டன. பலர் சிறை சென்றனர். தமிழ்நாட்டில் தொடர்வண்டி நிலையங்களில் தார்ச்சட்டி ஏந்தியோர்க்கு அது புதிய செய்தியன்று. 1972-இல் இருமொழிப் பலகைகளுக்குப் பரிந்துரை செய்த குழுவின் தலைவர் இந்தக் கார்டிகன் தொகுதியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரே. 1974-இல் மாவட்டங்களை ஒன்றிணைத்துத் 'தவெது' என்னும் பெருமாவட்டம் அமைத்தபோது, அதன் உட்பிரிவாகக் கெரெதிகியோன் என்னும் பெயர் அரசுத் தாளில் மீண்டும் ஏறியது. இருபத்திரண்டு ஆண்டுகள் அப் பெயரில் பழகிய மக்களிடம்தான் 1996-இல் இலண்டன் பழைய அயற்பெயரைத் திரும்ப நீட்டியது.

அதே 1996-ஆம் ஆண்டில்தான் மதராசு சென்னையாயிற்று. ஆனால் ஒரு வேறுபாடு. 2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத வெளிவந்த ஆணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டலில் குறை கண்டனர். குறையைத் திருத்துவதற்கு மாறாக ஆணையையே சுருட்டிவிட்டனர். எழுபதாயிரம் பேர் ஒரே நாளில் செய்ததை ஏழு கோடிப் பேரின் அரசு இன்னும் செய்து முடிக்கவில்லை. கெரெதிகியோனைத் தொடர்ந்து, 2022-இல் 'சுனோடோனியா' என்னும் மலைப்பகுதியின் பூங்கா ஆணையம் 'எரரி' என்னும் சொந்தப் பெயரையே வழங்க முடிவு செய்தது. 2023-இல் 'பிரெக்கன் பீக்கன்சு' என்பது 'பன்னாய் பிரகெய்னியோக்' ஆயிற்று.

இத்தனைக்கும் பிறகு ஒரு கசப்பான கணக்கு உண்டு. அதைத் தமிழன்பர்களிடம் மறைப்பது அறமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெரெதிகியோன் மக்களுள் பத்தில் ஒன்பது பேர் கம்ரி மொழி பேசினர். 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாதிக்குச் சற்று மேல். 2011-இல் 47.3 விழுக்காடு. 2021-இல் 45.3 விழுக்காடு. அந் நாடு முழுவதற்குமான அளவு 17.8 விழுக்காடு ஆதலால் கெரெதிகியோன் இன்னும் மொழியின் கோட்டைகளுள் ஒன்றே. ஆயினும் கோட்டை உள்ளிருந்தே தேய்கின்றது. பெயரை மீட்ட பின்னரே மக்களுள் பாதிப்பேர் என்னும் எல்லைக்கோட்டை மொழி கீழே தாண்டியது. மீட்ட பெயர் மொழியைக் காக்கவில்லை என்று சொல்லிப் பெயர்மீட்பை எள்ளுவார்க்கு இக் கணக்கு இனிக்கும். அவர்கள் கரணியத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கரணியம் வெளிப்படை. வேலை தேடி இளைஞர் வெளியேறுகின்றனர். 2011-க்கும் 2021-க்கும் இடையே மக்கள்தொகை 75,900-இலிருந்து 71,500-ஆகக் குறைந்தது. ஓய்வுபெற்ற செல்வர்கள் கடற்கரை அழகுக்காக ஆங்கில நாட்டிலிருந்து வந்து வீடு வாங்குகின்றனர். விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடுகளும் பல. வீட்டு விலை உள்ளூர் உழைப்பாளிக்கு எட்டாமல் போகின்றது. மாவட்டத்தின் பெயர் மன்றத்தின் கையில் இருந்தது, மன்றம் மாற்றியது. வேலையும் வீட்டு விலையும் பெரிதும் மன்றத்தின் கைக்கு அப்பால் இருக்கின்றன. கையில் இருந்ததைச் செய்தவர்களைப் பழிப்பது எந்த முறை?

பெயர்ப்போர் இப்போது மாவட்ட எல்லையிலிருந்து வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டது. கம்ரி நாட்டுப்புறத்தில் வீட்டுக்கும் பண்ணைக்கும் எண்ணன்று, பெயரே அடையாளம். 'ஆற்றுத்துறை', 'மேட்டுக்கொல்லை', 'மேற்றோட்டம்' என்பன போலத் தலைமுறை தலைமுறையாக வழங்கிய பெயர்களை, வாங்கிய புதியவர் கழற்றிவிட்டுக் 'கடற்காட்சி', 'மலைக்காற்று' என ஆங்கிலத்தில் பலகை மாட்டுகின்றனர். ஒரு பண்ணையின் பெயர் போனால், அதனைச் சார்ந்த வயலின் பெயரும் ஓடையின் பெயரும் முதியோர் சிலரின் நினைவிலேயே தங்கிவிடுகின்றன.

இதனைக் கண்டு, 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வேல்சின் வரலாற்று இடப்பெயர்ப் பட்டியல் ஒன்று 2017-இல் வெளியிடப்பட்டது. தொடக்கத்திலேயே மூன்றரை இலக்கம் பெயர்கள் அதில் ஏறின. பழைய நிலப்படங்களிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் திரட்டியவை. உள்ளாட்சி மன்றங்கள் தெருவுக்கும் இடத்துக்கும் பெயரிடும்போது அப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது அரசின் வழிகாட்டு நெறி. வீட்டை விலைகொடுத்து வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்று மொழிக் கழகத்தாரும் பிறரும் கேட்டுவருகின்றனர்.